சனிக்கிழமை ஆட்டம்

ரைன்ஸ்பர்க், நெதர்லாந்து,
மே 20, செவ்வாய் இரவு

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருவதை ஒரு நாள் முன்பே சொல்லிவிடுகிறது. இந்த நாட்டில் அது பெரிய சோதிடம் இல்லை. அக்கா யூட்ரெக்டில் வீடு மாறிவிட்டாள். புது வீட்டில் படி செங்குத்து. அம்மா ஒருமுறை ஏறிவிட்டு, இனி மகளைப் பார்க்க வேண்டுமென்றால் அவள்தான் இறங்கி வரவேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

நீ அனுப்பும் கட்டைவிரல் படங்கள் வந்து சேருகின்றன. "சாப்பிட்டாயா" என்றால் கட்டைவிரல். "வேலை எப்படி" என்றால் கட்டைவிரல். அன்னையர் தினத்தன்று மட்டும் ஒரு பூவின் படம் வந்தது. முப்பது வருடமாக ஏலச்சந்தையில் பூவுக்குள் வேலை செய்பவனின் வீட்டுக்குப் பூவின் படம். அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அதில் என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். கோபித்துக்கொண்டாள்.

கடிதமாக எழுதுவதற்கு விசேஷக் காரணம் ஒன்றும் இல்லை. தொலைபேசியில் நான் இரண்டு வசனம் பேசுவதற்குள் உனக்கு இன்னோர் அழைப்பு வந்துவிடுகிறது. தாளுக்கு அந்த வசதி கிடையாது.

போன வாரம் லண்டனிலிருந்து ஹாரோ மாமா தொலைபேசி எடுத்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு நூலகத்துப் படியில் நீ இருந்ததைக் கண்டாராம். கையசைத்தாராம், நீ கவனிக்கவில்லையாம். அவருக்குக் கண்ணில் புரை என்பது உனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவன் அலுவலகத்தில் அல்லவா இருப்பான், வேறு யாராவதாக இருக்கும் என்று நானே சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றார். அதை விடு.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, சோறு சமை. ஒரு சட்டி சோறும் பருப்பும் இருந்தால் மனிதன் எதையும் யோசிக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர்க் குழாய் திருத்துகிறவன் வருகிறான் என்று உன் அறையிலிருந்த அலமாரியை நகர்த்தினோம். பின்னால் ஒரு கொப்பி விழுந்து கிடந்தது. நீலக் கொப்பி, மூலையில் பந்து வரைந்திருக்கிறாய். உள்ளே முழுக்க உன் பந்தாட்டக்காரன் டிர்க் கைட். பத்திரிகையில் வெட்டி ஒட்டிய படங்கள், உன் கோணல் எழுத்தில் கணக்குகள். "2004-05, 29 கோல், நாட்டிலேயே முதலிடம்" என்று சிவப்பு மையால் கோடிட்டிருக்கிறாய். கணக்குப் பாடத்தில் நீ வாங்கிய புள்ளிகளையும் இப்படிக் கோடிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு அந்தக் கொப்பியை அவளே துடைத்துத் தன் செபப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவனுடைய பெயரை நான் "கூட்" என்று சொல்லும்போதெல்லாம் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். நாற்காலியில் ஏறி நின்று எனக்குப் பாடம் எடுப்பாய்: "அப்பா, வாயைக் குவித்துக்கொண்டு ஆ என்று தொடங்குங்கள்." வெங்காயத்துக்கு இவர்கள் வைத்திருக்கும் சொல்லும் அதே ஒலிதான் என்பதால், கடைக்குப் போகும்போதும் எனக்குப் பரீட்சை நடக்கும். ஒல்லாந்தர் கோட்டை கட்டிய ஊரிலிருந்து வந்தவனுக்கு அந்த ஒலி வரவில்லையே என்பாய். அவர்கள் நம் ஊருக்கு வந்தபோதே அந்த ஒலியை நாங்கள் ஊ ஆக்கிவிட்டோமே மகன், கக்கூசு என்ற சொல்லே சாட்சி என்று நான் சொன்னதும் அம்மா சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்து போனது நினைவிருக்கிறதா? இன்றைக்கும் எனக்கு அது சரியாக வராது. "கைட்" என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

கொப்பியை வைத்துக்கொண்டு இரண்டு இரவு வாசித்தேன். நான் அவனை உனக்காகத்தான் பார்க்கத் தொடங்கினேன். இந்த நாட்டில் ஆட்டக்காரனுக்குப் பஞ்சமா? கிரைஃப் என்றால் கோயில் மணி போல ஊரே நிமிரும். ஃபான் பாஸ்டன், பெர்காம்ப் என்று வரிசையாகச் சொல்வார்கள். அவர்களுடைய காலில் பந்து ஒட்டிக்கொண்டு கிடக்கும். இவன் காலில் பட்டால் சிலவேளை இரண்டு முழம் தள்ளிப் போய்விடும். இவனிடம் நுட்பம் இல்லை என்று எழுதாத பத்திரிகைக்காரன் இல்லை. அப்படியிருந்தும் பத்தாயிரம் பேர் படம் இருக்கும்போது உன் சுவரில் ஏன் இவன் படம் என்று நான் கேட்டேன். "இவன் நம் ஊர் ஆள் அப்பா" என்றாய். எனக்கு அப்போது அது சின்னப் பதிலாகத் தெரிந்தது.

உண்மையில் நம் ஊர் ஆள்தான். அவன் ஊரான கட்வைக்கின் கடற்கரை நமக்குச் சைக்கிளில் போகும் தூரம். அவன் தகப்பன் மீன்பிடிகாரர். கடலால் வருபவரைப் பார்த்துக் காத்திருக்கும் வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்து மட்டும் இல்லாதிருந்தால் அவனும் வள்ளத்தில்தான் போயிருப்பான். கடலில் போகிற ஆட்களின் பிள்ளைகளுக்கு ஓடி முடிந்த பிறகும் இன்னும் கொஞ்சம் ஓடும் குணம் உண்டு. வலையை இழுக்கத் தொடங்கினால் பாதியில் விடமுடியாதே.

அவன் விளையாடத் தொடங்கிய குவிக் பாய்ஸ் கழகம் இன்றைக்கும் சனிக்கிழமைதான் ஆடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கர்த்தரின் நாள், அன்று பந்தைத் தொடமாட்டார்கள். நாங்கள் முதலில் இங்கே வந்தபோது ஒரு ஞாயிறு அம்மா துணி காயப்போட்டுவிட்டு அயல்வீட்டு மனுசியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை உனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறாள். நாங்கள் கத்தோலிக்கர், பூசை முடிந்தால் ஞாயிறு எங்களுக்குத் திருவிழா. ஆனால் சனிக்கிழமைப் பந்து எனக்குப் பிடித்திருந்தது. வாரம் முழுக்க மீனும் பூவும் இறக்கி ஏற்றிய ஆட்கள் கோட்டோரம் நின்று கத்துவார்கள். நம் ஊர் மாதிரியே. குளிர் மட்டும் கூட.

1998 இல் அங்கிருந்து யூட்ரெக்ட். 2003 இல் அவர்களோடு கிண்ணத்தை வென்றுவிட்டு ரொட்டர்டாமில் ஃபையனோர்ட். மூன்று பருவத்தில் 101 லீக் ஆட்டம், 71 கோல். இது உன் கொப்பியில் இருக்கிறது, நான் கூட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. 2006 இல் லிவர்பூலுக்குப் போனான். அங்கே பயிற்சியாளர் பெனிடெஸ் அவனை முன்வரிசை நடுவிலிருந்து வலது ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். கோல் அடித்துப் பேர் வாங்கியவனை ஓரத்தில் ஓடவிட்டால் யாருக்குத்தான் முகம் சுருங்காது? அவன் ஓரத்தில் ஓடினான். முன்னால் ஓடி, பின்னால் வந்து காத்து, திரும்ப முன்னால் ஓடி. 2011 இல் மான்செஸ்டர் யுனைட்டெட்டுக்கு எதிராக மூன்று கோல் அடித்தானே, மூன்றையும் சேர்த்து அளந்தாலும் நம் வரவேற்பறை நீளம் வராது. முதலாவதில் சுவாரெஸ் நான்கு பேரைச் சுற்றி வந்து கொண்டுவந்த பந்தை, கோட்டுக்குப் பக்கத்தில் இவன் சும்மா தட்டிவிட்டான். "இதுவும் ஒரு கோலா" என்றேன். "அந்த இடத்தில் நிற்கவேண்டுமே அப்பா" என்றாய். நீ சொன்னது சரி. அன்றைக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை.

மகன், அந்த இடத்தில் நின்றால் போதும். ஓடுவதற்கு ஆள் இருப்பார்கள்.

காலைச் சாப்பாட்டைத் தவறவிடாதே என்று முன்பே எழுதினேனா? திரும்பவும் எழுதுகிறேன். நித்திரையும் முக்கியம். பாரிஸ் சித்தப்பா மாதிரி ஆகிவிடாதே என்று எழுதும்படி அம்மா சொன்னாள். ஏன் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, எழுதிவிட்டேன்.

2007 ஐப் பற்றி நீ கொப்பியில் ஒன்றும் எழுதவில்லை. அப்போது நீ வளர்ந்துவிட்டாய், கொப்பியில் ஒட்டும் வயது போய்விட்டது. சாம்பியன்ஸ் லீக்கில் செல்சியோடு பெனால்டியில் முடிந்த அரையிறுதியில் கடைசிப் பந்தை அடித்தவன் இவன்தான். பிறகு ஏதென்ஸில் மிலானோடு இறுதியாட்டம். 89 ஆவது நிமிடத்தில் தலையால் ஒன்று அடித்தான், ஆனால் 2-1 என்று தோற்றார்கள். அவன் தகப்பன் புற்றுநோயோடு அந்த ஆட்டத்தைப் பார்க்கப் போயிருந்தார். சில வாரங்களில் இறந்துபோனார். இதை நான் பத்திரிகையில் வாசித்தபோது, ஏலச்சந்தையில் ட்யூலிப் வண்டிகளுக்கு நடுவில் நின்றேன். மேற்பார்வையாளர் வந்து என்ன என்று கேட்டார். தூசி என்றேன்.

அதற்குப் பிறகும் அவன் ஓய்ந்துவிடவில்லை. லிவர்பூலுக்கு 285 ஆட்டம். பிறகு துருக்கியில் ஃபெனர்பாசே. 2014 உலகக் கிண்ணத்தில் மெக்சிகோவோடு ஆடியது நாட்டுக்காக அவனுடைய நூறாவது ஆட்டம். அன்று ஒரே ஆட்டத்தில் இடப்பக்கம் காத்தான், வலப்பக்கம் காத்தான், கடைசியில் முன்னால் போய் நின்றான். 33 வயதில். "இவனைக் கோல் காக்கச் சொன்னாலும் காப்பான்" என்று நீ லண்டனிலிருந்து எடுத்துக் கத்தினாய். அப்போதெல்லாம் நீ எடுப்பாய்.

இப்போது 2017 மே 14. அது ஒரு ஞாயிறு, அதோடு அன்னையர் தினம். நீ அந்த ஆட்டத்துக்காகவே லண்டனிலிருந்து வந்தாய், அம்மாவுக்காக வந்ததாகச் சொன்னாய். குளிர்பெட்டியில் அக்கா வாங்கி வைத்த கேக் இருந்தது. இரவு 9 மணிவரை அதை யாரும் வெளியே எடுக்கவில்லை. இன்றுவரை அம்மா அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

18 வருடம் ஃபையனோர்ட் பட்டம் வெல்லவில்லை. அந்தப் பருவம் முழுக்க முதலிடத்தில் நின்றுவிட்டு, முந்திய ஞாயிறு எக்செல்சியோரிடம் 3-0 என்று தோற்றுப்போனார்கள். அயாக்ஸ் ஒரு புள்ளி பின்னால். அன்றும் வெல்லாவிட்டால் எல்லாம் போய்விடும். அந்தப் பருவத்தில் பயிற்சியாளர் ஃபான் பிராங்கோர்ஸ்ட் கைட்டைப் பல ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரர் இருக்கும் வாங்கில் இருத்தியிருந்தார். 36 வயது, கால் போய்விட்டது என்று பேசினார்கள். பெரிய பெயர் உள்ளவன், எல்லோரும் பார்க்க, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, மேற்சட்டை போட்டுக்கொண்டு இருக்கிறான். நீ மிக ஆத்திரப்பட்டாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காட்சியை என்னால் பார்க்கமுடியாது. அதற்கு வேறு காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

கடைசி ஆட்டத்தில் அவனை இறக்கினார்கள். ஹெராக்லெஸோடு. ஒரு நிமிடம் முடியவில்லை, முதல் கோல். நீ கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாய், அது அம்மாவின் சாமந்திச் சாடியில் விழுந்தது. 12 ஆவது நிமிடத்தில் தலையால் இரண்டாவது. அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை, மூச்சுவிட்டால் கெட்டுவிடும் என்பது மாதிரி. 84 ஆவது நிமிடத்தில் பெனால்டி. அவனேதான் எடுத்தான். 3-1 என்று முடிந்தது. மறுநாள் ரொட்டர்டாமில் கோல்சிங்கல் தெருவில் இருந்த கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தோம், வளர்ந்த ஆண்கள் பிள்ளைகள் மாதிரி அழுதார்கள். மூன்றாம் நாள் அவன் ஓய்வு பெறுவதாக அறிவித்தான்.

அன்று மாலை நீ என்னைக் கட்டிப்பிடித்தாய். 27 வயதில். நான் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

ஜனங்கள் ஏன் அவனை இவ்வளவு விரும்பினார்கள் என்று நான் யோசித்திருக்கிறேன். ஏலச்சந்தையில் என்னோடு வேலை செய்யும் ஃபையனோர்ட் ஆட்கள் கிரைஃபைப் பற்றிப் பேசும்போது தலையை நிமிர்த்திப் பேசுவார்கள். கைட்டைப் பற்றிப் பேசும்போது பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிப் பேசுவது போல, கையுறையைக் கழற்றிக்கொண்டே பேசுவார்கள். அவன் ஓடியதைப் போலத் தாங்களும் ஓடுகிறோம் என்று நினைப்பு. காலை 4 மணிக்கு வண்டி இழுக்கிறவனுக்கு அது ஒரு ஆறுதல்தானே.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எழுத வந்தது. பயிற்சியாளனாக வேண்டும் என்று போனான். 2022 இல் டென் ஹாக்கில் ஆடோ கழகம் அவனை எடுத்தது. ஆறு மாதம் முடியவில்லை, தோல்விக்கு மேல் தோல்வி, நீக்கிவிட்டார்கள். நாட்டுக்கு 104 ஆட்டம் ஆடியவனை. பத்திரிகை எல்லாம் போட்டது. அவன் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்பார்கள், தாய் கடையில் நிற்கும்போது கேட்டிருப்பார். ஒளிப்பதற்கு அவனுக்கு இடமே இல்லை. வேலை போனது தெரியாமல் காலையில் உடுத்திக்கொண்டு எங்கேயாவது போய் இருக்க அவனால் முடியாது, முகம் அப்படி. அடுத்த வருடம் அன்ட்வெர்ப்புக்குப் போனான், பேயர்ஸ்கோட் என்று ஒரு கழகம், 2024 இல் அவர்களை மேல் பிரிவுக்கு ஏற்றிவிட்டான்.

வேலை போவது பெரிய விஷயம் இல்லை என்று சொல்ல வரவில்லை. பெரிய விஷயம்தான். பொதுவாகச் சொல்கிறேன்.

எங்கள் ஏலக் கடிகாரத்தை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். விலை மேலே தொடங்கிக் கீழே இறங்கும், முதலில் பொத்தானை அழுத்துபவனுக்குப் பூ. இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று காத்திருப்பவனின் கண் முன்னால் வேறொருவன் அழுத்திவிடுவான். இத்தனை வருடம் அதற்குக் கீழே நின்றிருக்கிறேன். வீட்டில் மட்டும் நான் எப்போதும் காத்திருப்பவன்தான். நீயும் அப்படித்தான். உன்னில் நான் குறை பிடிக்கவில்லை, இரத்தம் அப்படி. நத்தாருக்கு வரவில்லை, உயிர்த்த ஞாயிறுக்கு வரவில்லை, டிக்கெட் விலை என்றாய். நான் டிக்கெட் எடுத்துத் தரட்டுமா என்று கேட்க வாய் வந்தது. கேட்டால் நீ என்ன நினைப்பாய் என்று நினைத்து, சரி என்றேன். நல்ல தகப்பன்.

வாங்கைப் பற்றிப் பிறகு வருகிறேன் என்றேன். இப்போது அம்மா படுத்துவிட்டாள்.

நீ சிறுவனாக இருந்தபோது நான் குருநகரில் ஆடிய கதையைத்தான் உனக்குச் சோறு ஊட்டுவதற்குச் சொல்வேன். 1982 இல் நடந்த இறுதியாட்டம், மூலையிலிருந்து வந்த பந்து, அப்பா உயர எழும்பித் தலையால் அடித்தது, கோல்காப்பாளன் காற்சட்டையோடு சேற்றில் விழுந்தது. நீ அதைப் பள்ளிக்கூடத்தில் கட்டுரையாகவும் எழுதினாய். ஆசிரியை என்னைக் கண்டபோது கைகொடுத்தார்.

அந்தக் கோலை நான் அடிக்கவில்லை. அடித்தவன் வேறு ஒருவன், அவன் இப்போது உயிரோடு இல்லை. நான் அன்று முழு ஆட்டமும் வாங்கில் இருந்தேன். அன்று மட்டுமா, அந்த வருடம் முழுக்கவே. யாரிடமோ இரவல் வாங்கிய சப்பாத்து, தேங்காய் எண்ணெய் பூசி மினுக்கி வைத்திருந்தேன், ஒரு துளி சேறு படவில்லை. பயிற்சி கொடுப்பவர் இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் நான் எழும்பிக் கால்களை உதறுவேன். அவர் தண்ணீர்ப் போத்தலைக் கேட்பார்.

அதை அப்பப்பா பார்த்தார். என் ஆட்டம் ஒன்றைப் பார்க்க அவர் வந்தது அந்த ஒரு முறைதான். நான் ஆடுகிறேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். அன்றைக்குத் தொழிலுக்குப் போகவில்லை. ஒரு நாள் தொழிலை விடுவது என்றால் என்ன என்று உனக்கு விளங்காது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒன்றுமில்லாமல், எதிர்ப்பக்கக் கோட்டில் நின்றார். இடைவேளையில் போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். போகவேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டேன். போகவில்லை. கிண்ணம் கொடுத்து, கூட்டம் கலைந்து, நான் சப்பாத்தைக் கழற்றி முடிக்கும்வரை நின்றார். போகும் வழியில் தேநீர்க் கடையில் எனக்கு ஒரு பணிஸ் வாங்கித் தந்தார். "நாளைக்கு வலை பொத்த ஆள் வேண்டும், வருகிறாயா" என்று கேட்டார். அவ்வளவுதான் பேசியது.

இப்போது உன் ஆட்டம். உனக்கு 14 வயது, அந்தக் கொப்பி எழுதத் தொடங்கிய வருடம். "இந்தச் சனிக்கிழமை வாருங்கள் அப்பா" என்று மூன்று வாரமாகக் கேட்டாய். வந்தேன். நீ வாங்கில் இருந்தாய். மற்றத் தகப்பன்மார் என்னிடம் "உன் மகன் எவன்" என்று கேட்டார்கள். நான் கையைக் காட்டாமல், அங்கே என்று தலையை மட்டும் ஆட்டினேன். 40 நிமிடம் நின்றிருப்பேன். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

மாலையில் நீ வந்து கேட்டபோது வேலைக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள் என்றேன். "சனிக்கிழமை ஏலம் இல்லையே அப்பா" என்றாய். இது விசேஷ வேலை என்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை, மேலே போனாய்.

வேலை இல்லை மகன். நான் கட்வைக் கடற்கரைக்குப் போனேன். வெள்ளைக் கோயிலுக்கு முன்னால் இருந்த கடையில் பொரித்த மீன் வாங்கித் தின்றேன். கடலைப் பார்த்துக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் இருந்தேன். மீன் நன்றாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். உன்னைப் பற்றி எனக்கு வெட்கம் வந்தது என்று நீ இவ்வளவு காலமும் நினைத்திருக்கலாம். வாங்கில் நான் கண்டது உன்னை இல்லை. தேங்காய் எண்ணெய் பூசிய சப்பாத்தைக் கண்டேன். ஆனால் அது உனக்கு எப்படித் தெரியும்? 14 வயதுப் பிள்ளை கோட்டைப் பார்க்கிறான், தகப்பன் இல்லை.

கடைசிப் பத்து நிமிடம் உன்னை இறக்கினார்கள் என்றும், நீ கொடுத்த பந்தில்தான் வென்ற கோல் விழுந்தது என்றும் ஒரு மாதம் கழித்து ஒரு தகப்பன் சொன்னார். நீ எனக்குச் சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு என்னை எந்த ஆட்டத்துக்கும் கூப்பிடவும் இல்லை. நீ பெரியவனாகிவிட்டாய், அப்பா வருவது கூச்சம் போலும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவளும் நம்பினாள், அல்லது நம்பியது போல இருந்தாள்.

அப்பப்பா எதிர்ப்பக்கத்தில் முழு நேரமும் நின்றார் என்பதை எனக்கு மறக்க முடியவில்லை. அதைத்தான் எழுத வேண்டியிருந்தது. கைட்டை வைத்துச் சுற்றி வந்தேன். அவனும் சுற்றி ஓடுகிற ஆள்தானே.

வேறு செய்திகள்: விடுமுறைப் பணம் வந்துவிட்டது. எங்களுக்கு இந்த வருடம் எங்கும் போகிற எண்ணம் இல்லை, படியேறுகிற அக்கா வீடே போதும். உன் பழைய வங்கிக் கணக்கு இங்கே இன்னும் திறந்துதான் இருக்கிறது, அதில் போட்டு வைத்தேன். கடன் இல்லை, எனவே திருப்பித் தருகிற பேச்சு வேண்டாம். பச்சைச் சைக்கிள் விஷயத்தில் செய்தது மாதிரி ரசீது எழுதி அனுப்பாதே. அம்மாவுக்குத் தெரியாது, அவளுக்கும் ஒரு தொகை போடும் யோசனை இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டும் வந்தால் பேசாமல் வைத்துக்கொள்.

கைட் ஓய்வு பெற்ற பிறகும் ஒருமுறை குவிக் பாய்ஸுக்கு ஆள் குறைந்தபோது, 37 வயதில், சில ஆட்டம் வந்து ஆடிக்கொடுத்தான் என்பது உன் கொப்பியில் இல்லை. அடுத்த பக்கம் வெறுமையாக இருந்தது, நான் என் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் வந்து திருத்து.

உன் அறையில் குழாய் வேலை முடிந்துவிட்டது. கட்டிலைத் திரும்பவும் ஜன்னல் பக்கம் போட்டேன். சாப்பாட்டை மட்டும் கவனி. ஆடையை இஸ்திரி போடாவிட்டாலும் பரவாயில்லை, எங்கும் போவதற்கு இல்லாவிட்டால் வீட்டிலேயே இரு, நூலகத்துப் படியில் குளிர்.

மாமாவுக்குக் கண்ணில் புரை இல்லை. போன வருடமே வெட்டிவிட்டார்கள்.

இங்கே பஸ் வருகிற நேரம் மாறவில்லை. லைடனில் இறங்கினால் எடு, நான் வந்து நிற்கிறேன். எந்த நாளாக இருந்தாலும் சரி, சனிக்கிழமை என்றால் இன்னும் நல்லது. சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை.

அப்பா